ஊத்துமலைத் தோட்டத்துப் பவர்ஹவுஸ்காரர்

ஊத்துமலைத் தோட்டத்தில் யோகேஸ்வரன் எந்த லயம், எந்த வரிசை வீடு என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பவர்ஹவுஸ்காரர் என்று கேட்டால் யோசனையே இல்லை. ஆற்றுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் மூச்சு முட்ட நடந்தால், ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கட்டடம் தெரியும். உள்ளே ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர், சுவரெல்லாம் மீட்டர்கள். அதுதான் அவருடைய உலகம்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். ஹட்டனில் உயர்தரம் படிக்கும்போது யோகேஸ்வரனுக்குப் பௌதிகவியல் என்றால் உயிர். மற்றப் பாடங்கள் மனப்பாடம், இது மட்டும் கண்ணுக்கு முன்னால் நடப்பது என்பார். பரீட்சை நெருங்கிய நேரத்தில் அப்பா கை கால் இழுத்துப் பாரிசவாதத்தில் விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்த படிப்புக்குக் கெம்பஸில் இடம் கிடைக்கவில்லை. ஹட்டன் பஜாரில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் சுருள் சுற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தார். செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசமுமாகப் பல வருஷம் ஓடிப்போனது. அதற்குள் ஜீவராணியைக் கட்டி, ஒரு மகளைப் பெற்று, அந்த மகளையும் கந்தப்பளையில் கட்டிக்கொடுத்தாயிற்று.

பிறகுதான் கொழும்புக் கம்பெனி ஒன்று தோட்டத்து ஆற்றைத் தேடி வந்தது. மேலே ஆற்றை மறித்து ஒரு சின்ன அணை. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி, லயங்களுக்கு மேலாக ஒரு வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் இரும்புக் குழாய். குழாயின் அடியில் பவர்ஹவுஸ். மோட்டார் வேலை தெரிந்த ஆள் தேடினார்கள். யோகேஸ்வரன் போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள்.

இயந்திரம் முதன்முதலாக ஓடிய அன்று பின்னேரம் ஜீவராணியைக் கூட்டிப்போய்க் காட்டினார். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் அவள் வந்திருந்தாள். மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு கரண்டும் தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தண்ணிக்குள்ள இல்ல. அது நின்ன உசரத்துல இருந்துச்சு. கூடய தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறினா உனக்கு மூச்சு வாங்குதுல்ல? அந்த மாதிரி, கடல்ல கெடந்த தண்ணிய ஆவியாக்கி, இவ்வளவு உசரத்துக்குத் தூக்கியாந்து ஊத்தினது சூரியன். அது பாடுபட்டு ஏத்தினத, தண்ணி எறங்கும்போது நாங்க வாங்கிக்கிறோம். அவ்வளவுதான்."

"அப்ப கடலோரத்துல நெலக்கரி எரிக்கிறாங்களே, அது?"

"அதுவும் சூரியன்தான். எந்தக் காலத்துலயோ மரமா செடியா நின்னப்ப வாங்கி வச்ச வெயில். மண்ணுக்குள்ள போயிக் கல்லாயிருச்சு. ஆனா எரிச்சாத்தான் அந்த வெயில் வெளிய வரும். எரிச்சா, கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்தும் சேந்து வரும். நீங்கல்லாம் மழையில கம்பளி போத்திக்கிறீங்கள்ல? கம்பளிக்குன்னு சொந்தச் சூடு இருக்கா? இல்ல. ஒடம்புச் சூட்ட வெளிய விடாம புடிச்சு வக்கிது. அந்தக் காத்தும் அப்படித்தான். வெயில உள்ள விட்டுரும், பூமி திருப்பி விடுற சூட்ட மறிச்சிரும். எரிக்க எரிக்கக் கம்பளி தடிச்சுக்கிட்டே போகுது."

"இதப் போயி காலையில பேரு கூப்புடுற பெரட்டுல சொன்னா கங்காணி அரைப்பேரு போட்டு அரைச் சம்பளம் ஆக்கிருவாரு," என்று சிரித்தாள் ஜீவராணி. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். புகையில்லாமல், எதையும் எரிக்காமல், தன் கைக்கு அடியில் ஒரு இயந்திரம் ஓடுகிறது என்பதில் அவருக்கு இருந்த பெருமை அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

லயத்தில் அந்தப் பெருமை எல்லோருக்கும் இல்லை. பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப்புறத்து அறையில் இருந்த ராக்காயிக்கு அறுபது தாண்டியிருந்தது. புருஷன் இல்லை. மகள் சண்முகவடிவு கொழும்பில் வேலை. ராக்காயி வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் நின்று பேசினால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். மின்வெட்டு வந்த நாளில் எல்லாம் அவள் யோகேஸ்வரனைத்தான் கூப்பிடுவாள். "ஏன் யோகேசு, நம்ம ஆத்துல செஞ்ச கரண்டு நம்ம லயத்துக்கு மட்டும் வழி தெரியாம போயிருமா?" நாட்டுக் கம்பியில் கரண்ட் நின்றால் இந்த இயந்திரமும் நிற்கத்தான் வேண்டும் என்று அவர் விளக்கிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரு வெளக்கம் வச்சிருக்க," என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

எண்ணெய் இல்லாமல், காஸ் இல்லாமல், நாடே வரிசையில் நின்ற வருஷம் வந்தது. அந்த வருஷம் பார்த்து ஊத்துமலையில் வறட்சியும் நீண்டது. ஆற்றில் பாறைகள் வெளியே தெரிந்தன. அணையில் எவ்வளவு குறைந்தாலும் ஒரு பங்கு தண்ணீரை ஆற்றோடு விட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பங்கிலிருந்துதான் லயத்துப் பீலிக்குக் குழாய் போயிருந்தது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். மீதித் தண்ணீரில் டர்பைன் ஓட வேண்டும். மீதி என்று சொல்லவே இப்போது ஒன்றுமில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் டர்பைன் சுழலாது, நின்றுவிடும்.

கம்பெனி எஞ்சினியர் பிரதாபன் போனில் கூப்பிட்டான். ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"யோகேஸ் அண்ணே, ஆத்துக்கு விடுற மதக கொஞ்ச நாளைக்கு மூடி வைங்க. முழுத் தண்ணியையும் வாய்க்காலுக்கு எடுங்க."

"சேர், கீழ பீலி இருக்கு."

"தெரியும் அண்ணே. மேலிடத்துல ஒவ்வொரு யூனிட்டுக்கும் அடிச்சுக்கிறாங்க. கொஞ்ச நாள்தான்."

யோகேஸ்வரன் அணைக்குப் போனார். அணைக் காவலுக்கு இருந்த மாயாண்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு பேருமாகச் சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கினார்கள். பவர்ஹவுஸில் டர்பைன் ஓடியது. லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது.

பெண்கள் கொழுந்து மலையிலிருந்து வந்த கையோடு கேன்களைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஊற்றுக்கு நடந்தார்கள். ஜீவராணியும் நடந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீரை ஊற்றி வைப்பாள், சோறு போடுவாள், பேச மாட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு காலை ராக்காயி கேனோடு வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்ரோல் இல்லாத நேரம். டிக்கோயாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டாள். தூக்கிப் போனவர்களில் யோகேஸ்வரனும் ஒருவர். வழியில் அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே அவர் மதகைத் திறந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. டர்பைன் நின்றது. மறுநாள் பிரதாபன் எங்கேயோ கடன் வாங்கிய பெட்ரோலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கத்தவில்லை. பவர்ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க நிறுத்தின கரண்டுக்குப் பதிலா எங்கயோ டீசல் எரியுது. அந்தக் காத்து புடிச்சு வக்கிற சூடு எங்க போகும்? திரும்ப இந்த மலைக்குத்தான வரும்? இந்த வறட்சி எதனாலன்னு நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க."

"அது சரி சேர். ஆனா அந்தக் கணக்குக்கு ராக்காயி அக்கா காலத்தான் கொடுக்கணுமா?"

பிரதாபன் எழுந்து உள்ளே போய் மீட்டர்களைப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில், காலையில் ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் மட்டும் மதகைத் திறப்பது, பிறகு மூடுவது என்று பேசி முடித்தார்கள். லயத்தில் அதை நன்றியோடு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தங்கள் ஆற்றைத் தங்களுக்கே அளந்து ஊற்றுகிறான் என்றுதான் பேச்சு வந்தது. ராக்காயி ஆஸ்பத்திரியிலிருந்து கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் கொழுந்து மலைக்குப் போகவேயில்லை, யோகேஸ்வரனோடு பேசவும் இல்லை.

அடுத்தடுத்த வருஷங்களில் மழை திரும்பியது, ஆனால் பழைய மழையாக இல்லை. முன்பெல்லாம் தூறலாகப் பிடித்து நாள் கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். மண் மெதுவாகக் குடிக்கும். இப்போது ஒன்றுமே இல்லாமல் காய்ந்துவிட்டு, ஒரு பின்னேரத்தில் வானம் உடைந்த மாதிரிக் கொட்டும். பனிமூட்டம் விலகியதும் வெயில் முதுகில் அறைகிறது என்று பெண்கள் சொன்னார்கள். யோகேஸ்வரன் டர்பைன் முன்னால் உட்கார்ந்து இதைத்தான் யோசிப்பார். சூடான காற்று கூடுதலாக ஈரம் சுமக்கும். ஒரு டிகிரி கூடினால் நூற்றுக்கு ஏழு பங்கு கூட. சுமந்ததை எங்கேயாவது இறக்கித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஒரு வரி. இப்போது குழாய் அதிர்வதில் அது காதுக்குக் கேட்டது.

அப்புறம் அந்தக் கார்த்திகை மாதம். புயல் ஒன்று தீவின் மேல் ஏறி, நகர மனமில்லாத மாதிரி மழையைக் கொட்டியது. ஹட்டன் ரோடு அறுந்தது, கரண்ட் போனது, போன் செத்தது. யோகேஸ்வரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலையிலேயே வாய்க்காலோரமாக அணைக்கு ஏறினார். மாயாண்டி ஒற்றை ஆளாக வாய்க்காலின் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடித்து வந்த மரம் ஒன்று கதவுக்கடியில் சிக்கியிருந்தது. கதவு பாதியில் நின்றது. ஆறு முழுக்க வாய்க்காலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"அலவாங்குக் கம்பி போட்டுப் பாத்துட்டேன் யோகேசு, அசையல," என்றார் மாயாண்டி.

இரண்டு பேரும் சேர்ந்து நெம்பினார்கள். அலவாங்குதான் வளைந்தது.

"அண்ணே, நீங்க விடாம பாருங்க. நான் வாய்க்கால் எங்க ஒடையுதுன்னு பாத்துட்டு வாரேன்."

அது உடையவில்லை, நிரம்பி வழிந்தது. லயங்களுக்கு நேர் மேலே, கரையைத் தாண்டித் தேயிலை மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கரையிலிருந்து இறங்கிப் பார்த்தார். நேராக நிற்க வேண்டிய தேயிலைச் செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மண்ணில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெடிப்பு, காலை உள்ளே விடலாம். அதற்குக் கீழே, இதுவரை ஊற்றே இல்லாத இடத்தில் செம்மண் கரைந்த தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மண் பிடித்து நிற்பது உராய்வில். இடையில் தண்ணீர் புகுந்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. அவர் ஓட ஆரம்பித்தார். கடைசிப் படிகளில் விழுந்து, சேற்றோடு எழுந்து லயத்து வாசலுக்கு வந்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க! மல எறங்கப் போகுது! ஸ்கூலுக்குப் போங்க, ஒண்ணும் எடுக்காதீங்க!"

கதவுகள் திறந்தன. ஆட்கள் இஸ்தோப்பில் நின்று பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. மழை அப்படி அடித்தது. உள்ளே காய்ந்த இடம் இருந்தது.

ராக்காயி கம்போடு வாசலுக்கு வந்தாள். வருஷக்கணக்கில் அவரோடு பேசாதவள் அன்று பேசினாள். "தண்ணிய மூடும்போது எங்கள கேட்டா மூடின? இப்ப வந்து ஓடுங்கிற. ஒன் வாய்க்கால் ஒடஞ்சா நாங்க ஏன் ஓடணும்?"

அவர் வெடிப்பைப் பற்றிச் சொன்னார், ஊற்றைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னொரு விளக்கமாகத்தான் போய் விழுந்தது. அப்போது ஜீவராணி மழையில் இறங்கி நடு வாசலுக்கு வந்தாள். "என் புருசன் சொல்றாருன்னு யாரும் வர வேணாம். ஒங்களோட சேந்து நானும் தண்ணி சொமந்தேன். நான் சொல்றேன், வாங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். குழந்தையின் தாய் பின்னாலேயே ஓடினாள். பிறகு ஒவ்வொரு காம்பராவாகக் காலியானது.

ராக்காயி மட்டும் நகரவில்லை. யோகேஸ்வரன் போய்க் கையைப் பிடித்தார்.

"அக்கா, ஒங்க கால்ல வேணாலும் விழுறேன். வாங்க."

"எந்தக் கால்ல? ஒடஞ்சதுலயா?" அவள் கையை உதறினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்தச் சேத்துல என்னால எறங்க முடியாது தம்பி. வழுக்கினா அவ்வளவுதான். நீ போ."

ஒற்றை ஆளாகத் தூக்கிப் பார்த்தார். பாரமான உடம்பு. படியில் விழுந்ததில் அவர் தோளில் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. இஸ்தோப்பைத் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, "நாற்காலியில வச்சுத் தூக்கிருவோம், ஆள் கூட்டிட்டு வாரேன், இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பாதையில் ஓடினார். அணையிலிருந்து இறங்கி வந்த மாயாண்டி எதிரே வந்தார். இரண்டு பேரும் திரும்பியபோது, பெரிய லொறி ஒன்று சரளைக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான் சத்தம். பச்சையாக இருந்த மலையில் ஒரு பாகம் அப்படியே செடிகளோடு வழுக்கி வந்து, லயத்தின் பாதியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது.

ராக்காயியின் உடலை மறுநாள் தோட்டத்து ஆட்களும் ஆமிச் சிப்பாய்களும் தோண்டி எடுத்தார்கள். வேறு யாரும் சாகவில்லை. எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டார்கள். யோகேஸ்வரனுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

ரோடு திறந்த பிறகு சண்முகவடிவு கொழும்பிலிருந்து வந்தாள். லயத்து ஆட்கள் தங்கியிருந்த ஸ்கூல் வகுப்பறையில், பாய்களுக்கு நடுவே யோகேஸ்வரன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா ஏன்ணே வரல?"

ஒளிக்க அவருக்கு மனம் வரவில்லை. மதகை மூடியது, கால் உடைந்தது, கடைசியாகப் பேசியது, விழுந்தது எல்லாவற்றையும் சொன்னார். அவள் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் நல்லா இருந்திருந்தா வந்திருப்பாங்க," என்றாள்.

"ஆமா," என்றார் அவர்.

அவள் எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிரதாபனும் வந்தான். பவர்ஹவுஸுக்குள் ஜன்னல் உயரத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. ஜெனரேட்டரின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. யோகேஸ்வரன் சேற்றைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "சுருள் முழுக்க மாத்தணும் சேர். மாத்தினா ஓடும்," என்றார்.

"மாத்த மாட்டாங்க அண்ணே. ஆறே வேற பக்கம் வெட்டிக்கிட்டுப் போயிருச்சு. கம்பெனி கைவிட்டுருச்சு."

"அப்ப இந்தக் கரண்டுக்கு?"

"எங்கயாவது எரிப்பாங்க," என்றான் பிரதாபன். காலிலிருந்த சேற்றை உதறிக்கொண்டே, "இந்தப் புயல் அந்தச் சூட்டாலதானா அண்ணே?" என்று, தெரிந்தவனே தெரியாதவன் மாதிரிக் கேட்டான்.

"ஒரு புயல மட்டும் எடுத்து அப்படிச் சொல்லிர முடியாது சேர். கடல் சூடா இருந்துச்சு, காத்து கூடுதலாச் சொமந்துச்சு. அது உண்ம. வாய்க்கால லயத்துக்கு மேல வெட்டினது நாங்கதான். அதுவும் உண்ம."

இப்போது லயத்து ஆட்கள் தோட்டத்தின் மேற்பிரிவில், தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய தற்காலிகக் குடிசைகளில் இருக்கிறார்கள். யோகேஸ்வரன் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறார். வேலை முடிந்ததும் குடிசைகளுக்கு மேலே ஏறி மண்ணைப் பார்த்துவிட்டு வருவார். சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம் இடியோடு மழை பிடித்தது. மேலே ஒரு மரம் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. வந்து, "ஸ்கூலுக்குப் போயிருவோம்," என்று மெதுவாகத்தான் சொன்னார்.

சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அடுப்பில் கிடந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மழைக்குள் இறங்கினார்கள். மாயாண்டிதான் எல்லோருக்கும் முன்னால். அவர்கள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்க்க யோகேஸ்வரனால் முடியவில்லை.

மலை இறங்கவில்லை. மழை விட்டதும் திரும்பி நடந்தார்கள். வீணாக நனைய வைத்தாய் என்று யாரும் அவரைத் திட்டவும் இல்லை.

வழியில் ஜீவராணி கேட்டாள். "இனிமே மழ வந்தா இப்படித்தானா?"

"இப்படித்தான். இன்னைக்கே எல்லாரும் எரிக்கிறத நிறுத்தினாக்கூட மேல போன காத்து லேசுல கரையாது. நம்ம பேரப்புள்ளைக காலத்துலயும் இருக்கும். நிறுத்தினா சூடு இதுக்கு மேல ஏறாது, அவ்வளவுதான்."

"நிறுத்துவாங்களா?"

அவருக்கு மேடு ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியது. ஜீவராணி அவருக்கு முன்னால் நடந்து, குடிசைக் கதவைத் தள்ளித் திறந்து, தரையில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்தாள்.